பணம் யார் கையில்?

சீனாவுக்குப் பிரயாணம் என்றால் மூட்டை கட்டும் பொறுப்பு நம்முடையதுதான். ஊறுகாய் பாட்டிலிலிருந்து கம்பளிச் சட்டை வரை மறக்காமல் எடுத்து வைப்போம். பண விஷயம் வந்தால் மட்டும், "அதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்!" என்று சொல்லிவிடுவோம். சகோதரிகளே, சீனாவில் அது சரிப்படாது.

1024-ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் காகிதப் பணம் வெளியிட்ட தேசம் அது. இன்றோ, அங்கே கடையில் நோட்டை நீட்டுகிறவர்கள் குறைவு. காய்கறிக்காரரும் டாக்சிக்காரரும்கூடக் கட்டம் போட்ட சதுரக் குறியைத்தான் காட்டுகிறார்கள். அலிபே, வீசாட் என்ற இரண்டு செயலிகள்தாம் அங்கே ராஜ்யம் நடத்துகின்றன.

1980-இல் வெளிநாட்டாருக்கென்றே தனி நோட்டு அச்சிட்டார்கள். 1994-இல் அதை வெளியிடுவதை நிறுத்தினார்கள். பிறகு கைப்பேசிப் பணம் வந்தபோது, சீன வங்கிக் கணக்கு இல்லாத விருந்தாளிகள் வெகுவாகத் திண்டாடினார்கள். 2023-இல்தான் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இரண்டு செயலிகளிலும் தாராளமாக இணைக்க வழி பிறந்தது. அந்த ஏற்பாட்டின்படி, 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம் கட்டணம் உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தப் பணப்பை ஒருவருடைய பாஸ்போர்ட்டோடும் கைப்பேசியோடும் பிணைந்தது. பீஜிங் கடைவீதிக் கூட்டத்தில் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் பிரிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தண்ணீர் கேட்டு அழுகிறது. பணம் முழுவதும் அவர் சட்டைப் பையில்! அப்போது என்ன செய்வீர்கள்?

ஆகவே, புறப்படும் முன்பே உங்கள் கைப்பேசியிலும் ஒரு செயலியை அமைத்து, உங்கள் பாஸ்போர்ட்டைப் பதிந்து, உங்கள் பெயரிலுள்ள அட்டையை இணைத்துவிடுங்கள். வங்கியின் ரகசிய எண் நம் ஊர் நம்பருக்குத்தான் வரும்; ஆகையால் வீட்டிலிருந்தே செய்வது சௌகரியம். வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அட்டையைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? சுருக்குப் பையில் பத்து, இருபது யுவான் நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் நூறு யுவான் நோட்டுக்குச் சில்லறை தரச் சிறு கடைக்காரர் விழிப்பார்.

அவரை நம்பாமல் சொல்லவில்லை. தன் கையே தனக்கு உதவி என்பது நம் பாட்டிமார் சொன்னதுதானே!