பம்புசெட்டுக்குப் பகல் மின்சாரம்

2023-இல் பருவமழை பொய்த்தபோது கர்நாடகம் பட்ட பாட்டை மைசூரு மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அணைகளில் நீர் குறைந்து புனல் மின் உற்பத்தி சரிந்தது. அதே மழைக் குறைவால் வயலைக் காப்பாற்ற பம்புசெட்டுகள் கூடுதலாக ஓடின. ஏழு மணி நேர மும்முனை மின்சாரம் அக்டோபரில் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது; உத்தரப் பிரதேசத்திடமும் பஞ்சாபிடமும் மின்சாரம் கேட்க வேண்டியதாயிற்று. பருவநிலையைப் பற்றிப் பேசினால் மின்தட்டுப்பாடு வரும் என்று அஞ்சுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். சிவனசமுத்திரத்தில் 1902-இலேயே காவிரி நீரால் மின்சாரம் எடுத்த மாநிலம் இது. மழை தவறினால் இங்கே மின்சாரமும் தவறும்.

மின்சாரத்தில் நாம் எதிர்பார்க்கும் மலிவு, நம்பகம், பசுமை மூன்றும் இங்கே ஒன்றாகச் சந்திக்கும் இடம் வயல்தான். 10 குதிரைத்திறன் வரையிலான பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அந்தச் செலவை அரசு ஏற்கிறது. ஆனால் அந்த மின்சாரம் பல ஊர்களில் இரவில்தான் வருகிறது. மோட்டாரைப் போட விவசாயி டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்கிறார். எச்.டி.கோட்டையில் யானை பயம், டி.நரசிபுராவில் சிறுத்தை பயம். இன்னொரு பக்கம், 2,050 மெகாவாட் திறன் கொண்ட பாவகடா சூரிய மின் பூங்காவின் உற்பத்தி நண்பகலில் உச்சம் தொட்டு மாலையில் வடிந்துவிடுகிறது. வெயில் இருக்கும் நேரத்துக்கே பாசனத்தை மாற்றுவதுதான் வழி. 2019-இல் ஒன்றிய அரசு தொடங்கிய குசும் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு: துணைமின் நிலையத்தை ஒட்டிச் சூரியத் தகடுகளை நிறுவி, பம்புசெட்டுகளுக்குச் செல்லும் ஃபீடர் என்ற மின்தடத்தில் பகலில் மின்சாரம் விடலாம். தொலைதூரக் கம்பிகளில் வீணாவதும் குறையும்.

சூரியன் இரவில் இல்லையே, நிலக்கரிதானே கைகொடுக்கிறது என்பார்கள். உண்மைதான், ராய்ச்சூர், பல்லாரி அனல் நிலையங்களை இன்றைக்கே மூட முடியாது. ஆனால் கர்நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, ரயிலில்தான் வர வேண்டும். பம்புசெட்டுகளைப் பகலுக்கு மாற்றினால் அந்த நிலக்கரி வீடுகளின் மாலைத் தேவைக்கு மிஞ்சும். இரவுக்காக மின்சாரத்தைச் சேமிக்கவும் வேண்டியிருக்கும். அதற்காக ஷராவதி பள்ளத்தாக்கில், சிங்கவால் குரங்கின் சரணாலயத்துக்குள், 2,000 மெகாவாட் நீரேற்றுத் திட்டத்தைக் கொண்டுவருவது எனக்கு உடன்பாடில்லை. மழையைத் தரும் காட்டை வெட்டி மின்சாரம் சேமிப்பதில் அர்த்தமில்லை. முதலில் சேமிக்கத் தேவையில்லாத மின்சாரத்தைப் பயன்படுத்துவோம்.

இதைவிடக் கனமான கேள்வி நிலத்தடி நீர். பகலில் மின்சாரம் தாராளமாகக் கிடைத்தால் கிணறு வற்றாதா? தனித்தனியாக சோலார் பம்பு கொடுத்தால் அந்த ஆபத்து நிச்சயம் உண்டு; வெயில் உள்ளவரை அது ஓடும், நிறுத்த ஆள் கிடையாது. ஃபீடர் முறையில் நேரக் கட்டுப்பாடு துணைமின் நிலையத்தின் கையில் இருக்கிறது. ஏழு மணி நேரம் ஏழு மணி நேரமாகவே இருக்கும், வெளிச்சத்தில் வரும், அவ்வளவுதான். சோலார் என்ற பெயரில் மீட்டர் மாட்டி இலவசத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற விவசாயியின் சந்தேகமும் நியாயமானது. இலவசம் தொடரும் என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். சூரிய மின்சாரத்தால் மிச்சமாகும் மானியப் பணத்தை அதே ஃபீடர்களுக்கே செலவிடலாம்.

மைசூரு, சாமராஜநகர், மண்டியா, ஹாசன், குடகு ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் மின்சாரம் வழங்கும் சாமுண்டேஸ்வரி மின் விநியோக நிறுவனம், இந்த வேலையை வன எல்லைக் கிராமங்களிலிருந்து தொடங்க வேண்டும். இரவில் மோட்டார் போடப் போகிறவர்களின் உயிர் அங்கேதான் அதிகம் ஆபத்தில் இருக்கிறது.