கட்சிக்காரன் எங்கே?

வக்கீல் பாஷையில் கட்சிக்காரன் என்றால் வழக்கை ஒப்படைத்தவன். அரசியலில் கட்சிக்காரன் என்றால் கொடி பிடிப்பவன். வக்கீல் அரசியலுக்குப் போனால் இந்த இருவரில் எவன் முதலில் நடுத்தெருவில் நிற்பான்? தூத்துக்குடிக்கு அக்கரையில் அதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் போன பழைய வழிகளில் ஒன்று எங்கள் ஊர். தட்டப்பாறை முகாமில் வைத்துச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து, கொழுந்து கிள்ளி, 1947 தேர்தலில் ஓட்டும் போட்டார்கள். மறுவருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

ஜி. ஜி. பொன்னம்பலம் அந்நாளில் இலங்கையின் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல். சோல்பரி கமிஷன் முன்னால் சிறுபான்மையோர் எல்லோருக்குமாகச் சேர்த்து ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கேட்டு வாதாடியவர். அந்த ஐம்பதைக் கூட்டியபோது தோட்டத் தொழிலாளரின் தலைகளும் கணக்கில் இருந்தன. 1948 ஆகஸ்டில் முதல் மசோதாவை எதிர்த்தே ஓட்டளித்தார். அதை நான் மறைக்கவில்லை. செப்டம்பரில் சேனநாயகாவின் மந்திரி சபையில் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தது, ஆதரித்து ஓட்டளித்தார். இந்த நாலு மாதத்தில் கொழுந்து பறிக்கிறவளின் நிலைமையில் என்ன மாறிவிட்டது? வக்கீலின் நாற்காலிதான் மாறியிருந்தது. கிடைத்த இலாகாவில் மீன்பிடியும் சேர்த்தி. எங்கள் முத்துக்குளித்துறைக்காரர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அவர்கள் அவருக்குப் பீஸ் கொடுத்தவர்கள் அல்லவே என்பார்கள். பீஸ் கொடுத்தவன் கேள்வி கேட்பான். கொடுக்க முடியாதவனை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கும். கப்பலில் திரும்பி வந்து எங்கள் தெருவில் குடியிருந்த தோட்டக்காட்டுப் பாட்டி ஒருத்தி சொன்னாள்: “எங்களுக்காகப் பேசுன ஐயா யாருன்னே எங்களுக்குத் தெரியாது, தம்பி. நாங்க எத்தனை பேருன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அந்தச் சட்டம் ஒரு வாசலையாவது திறந்ததே என்று பரிந்து பேசுவோரும் உண்டு. வாசலைப் பாருங்கள். 1946க்கு முன் மணமானவன் 7 வருஷம், மணமாகாதவன் 10 வருஷம் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்து அறையில் எந்தப் பெட்டியில் அத்தாட்சி இருக்கும்? சுமார் 8 லட்சம் பேருக்காக மனுப் போட்டார்கள். ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வக்கீல் ஜாதியே இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. செல்வநாயகமும் வக்கீல்தான், இதே விவகாரத்தில் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து, 1949இல் வேறு கட்சி கண்டார். தூத்துக்குடியில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையும் வக்கீல்தான். 1906இல் கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விடக் கம்பெனி கண்டவர், 1908இல் கோரல் மில் தொழிலாளர் பக்கம் நின்றார். அந்த வருஷமே சிறை. வக்கீல் சன்னதும் போயிற்று. விடுதலையான பிறகு சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார்.

பொன்னம்பலத்தின் மந்திரி பதவி 1953 வரைக்கும்தான் இருந்தது. கொத்தலாவலை அவரை நீக்கினார். நாடற்றவர்களாக எஞ்சியிருந்த மலையகத்தாருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது.