சிப்பந்தி பிரயாணியாகும்போது

ஆகாய விமானப் பிரயாணம் தனவந்தர்களுக்கு மட்டுமே உரிய போகமாயிருந்த காலம் மலையேறிவிட்டது. திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டிலிருந்து கப்பல் உத்தியோகத்துக்குப் புறப்படும் வாலிபர் வாகைக்குளத்தில் விமானமேறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து அயல்நாட்டுத் துறைமுகத்துக்குப் பறக்கிறார். வாகைக்குளத்தில் சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பிய புதிய நிலையக் கட்டிடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. இவ்விதம் சாமானிய ஜனங்கள் விமானமேறும் இந்நாளில் ஒரு கேள்விக்குத் தெளிவான விடை காணவேண்டியது அவசியமாகிறது. விமானக் கம்பெனியின் சிப்பந்தி, தாமே ஒரு பிரயாணியாகச் செல்லும்போது, அவர் கம்பெனியின் பிரதிநிதியா, அல்லது நம்மைப்போன்ற ஒரு பிரயாணிதானா?

2025 டிசம்பரில் டில்லி விமான நிலையத்தில் நேர்ந்த சம்பவம் இக்கேள்வியைத் தேசத்தின் முன் நிறுத்திற்று. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தை, சிப்பந்திகளுக்கென ஏற்பட்ட சோதனை வழியாகச் செல்லும்படி அனுப்பினார்களாம். அங்கே சிப்பந்திகள் வரிசையை முந்திச் செல்வதைக் குடும்பத் தலைவர் ஆட்சேபித்தபோது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானி ஒருவர் தம்மை இகழ்ந்து பேசி அடித்துக் காயப்படுத்தினார் என்பது அவருடைய புகார். புகாரின் உண்மையைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. அதில் நாம் தலையிடோம். கம்பெனியார் வருத்தம் தெரிவித்து, விமானியை வேலையினின்று விலக்கிவைத்து விசாரிக்க முற்பட்டது சரியே. ஆனால், அவர் அச்சமயம் வேறொரு கம்பெனியின் விமானத்தில் பிரயாணியாகச் செல்லவிருந்தவர் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால், பிரயாணியாகச் செல்லும் சிப்பந்திகள் இருவகையினர். அடுத்த ஊரில் காத்திருக்கும் விமானத்தை நடத்துவதற்காகக் கம்பெனியே அனுப்பி வைப்பவர் ஒரு வகை. விடுமுறையில் சலுகைச் சீட்டிலோ சொந்தச் செலவிலோ செல்பவர் மற்றொரு வகை. முதல் வகையினர் ஆசனத்தில் உறங்கிக்கொண்டு போனாலும், அந்த நேரம் முழுவதும் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்பது நமது சிவில் விமானத் துறை இயக்குநரகத்தின் விதி. வேலை நேரமென்று கணக்கில் எழுதிய பின்பு, நடத்தைக்கு மட்டும் பொறுப்பில்லையென்று எப்படிச் சொல்வது? இரண்டாம் வகையினரின் செயலுக்குக் கம்பெனியைக் கோர்ட்டில் பொறுப்பாக்குவது எளிதன்று. ஆயினும், சிப்பந்தி என்ற ஹோதாவில் தனி வழியையும் சலுகையையும் ஒருவர் அனுபவிக்கும்வரை, அந்த ஹோதாவுக்குரிய கடமையும் அவரைத் தொடர்ந்து வரும். சலுகைக்குச் சிப்பந்தி, பொறுப்புக்குப் பிரயாணி என்று இரட்டை வேஷம் போடுவது நியாயமாகாது.

இந்த உண்மையை மறந்தால் விளைவது என்ன என்பதை அமெரிக்கா 2017 ஏப்ரலில் கண்டது. சிக்காகோவிலிருந்து லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் கம்பெனி விமானத்தில் பிரயாணிகள் அமர்ந்துவிட்ட பிறகு, நான்கு சிப்பந்திகளுக்கு இடம் வேண்டுமென்று நால்வரை இறங்கச் சொன்னார்கள். மறுத்த 69 வயது வைத்தியர் ஒருவரைக் காவலர்கள் இரத்தம் சொரிய இழுத்துச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. பிறகே, சிப்பந்திகளுக்கு வேண்டிய இடத்தைப் புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும், அமர்ந்துவிட்டவரைப் பலவந்தமாக எழுப்பலாகாதென்றும் அக்கம்பெனி விதி செய்தது. பணம் கொடுத்தவரின் உரிமை முந்தியது. சிப்பந்தியின் சௌகரியம் பிந்தியது. இவ்வளவு எளிய நியாயத்தைக் கற்க அவ்வளவு பெரிய அவமானம் தேவையாயிருந்தது!

அதே கம்பெனியின் சரித்திரத்தில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1989 ஜூலை 19-ல் டென்வரிலிருந்து சிக்காகோ சென்ற விமானத்தின் பின் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் யாவும் செயலற்றுப் போயின. டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி அதில் வெறும் பிரயாணியாக அமர்ந்திருந்தார். அவர் விமானி அறைக்குள் தாமாக நுழைந்துவிடவில்லை. பணிப்பெண் மூலம், தம்மால் உதவ முடியும் என்று சொல்லியனுப்பினார். அழைப்பு வந்த பின்னரே சென்று, மற்ற எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தை நடத்த உதவினார். விமானம் சூ சிட்டியில் இறங்குகையில் நொறுங்கியதாயினும், 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். உதவத் தயாராயிருப்பதும், அழைக்கும்வரை அடங்கியிருப்பதும் ஆகிய இவ்விரண்டுமே பிரயாணியாகச் செல்லும் சிப்பந்தியின் இலட்சணம்.

தூத்துக்குடிக் கரையில் வாழும் நமக்கு இதை அயல்நாட்டார்தான் வந்து போதிக்க வேண்டுமென்பதில்லை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம் என்றது. குடையும் தருகிறோம் என்றது. அப்படியிருந்தும் சுதேசிக் கப்பலை நாடியவர்கள் இருந்தார்களென்றால், அதற்குக் காரணம் என்ன? அங்கே தாங்கள் சரக்கல்ல, மனிதர்கள் என்ற மானவுணர்ச்சியே காரணம். அந்தக் கம்பெனியை ஏகாதிபத்தியத்தின் அடக்குமுறை அழித்தது. இன்று நம்மவர் நடத்தும் கம்பெனிகளுக்கு அந்த அபாயமில்லை. ஆனால் நம் ஜனங்களை நம்மவரே அலட்சியம் செய்தால், அதைவிடப் பெரிய அபாயம் வேறு வேண்டுமோ?

சிப்பந்திகளின் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. இரவு பகல் பாராது உழைத்து, களைப்போடு ஊர் திரும்பும் ஒருவர் ஓரமாக அமர்ந்து கண்ணயர விரும்புவது குற்றமாகாது. அந்த ஓய்வைப் பிரயாணிகள் மதிக்கவேண்டும். மணப்பாட்டு மாலுமியும் முதலாளி எடுத்துக் கொடுத்த சீட்டில், களைத்த உடலோடு பிரயாணம் செய்யும் தொழிலாளிதானே? அவருக்கில்லாத முன்னுரிமை விமானச் சிப்பந்திக்கு மட்டும் எதற்கு?

ஆகவே, கம்பெனிகளும் சர்க்காரும் செய்யவேண்டியது இதுதான். பிரயாணியாகச் செல்லும் சிப்பந்தி வரிசையை முந்தலாகாது. சீட்டு வாங்கியவரின் ஆசனத்தைக் கோரலாகாது. சீருடையில் மதுவைத் தொடலாகாது. வேலையிலிருக்கும் சகாக்களிடம் அதிகாரம் செலுத்தலாகாது. ஆபத்தில் உதவத் தவறலாகாது. இவற்றை விதிகளாக எழுதி, பிரயாணிகளும் அறியும்படி பிரசுரிக்க வேண்டும். மீறினால், அவர் அன்று வேலையிலில்லை என்ற சமாதானத்தை ஏற்கலாகாது. சீருடையைக் கழற்றி மாட்டலாம்; கௌரவத்தைக் கழற்றி மாட்ட முடியாது.