நரம்பு டெஸ்ட் நார்மல்னா கால் எரிச்சல் பொய்யா?

"ராத்திரி படுத்தா உள்ளங்கால்ல மிளகாய் அரைச்சுத் தடவின மாதிரி எரியுது டாக்டர், போர்வை பட்டாக்கூட தாங்கல." இப்படிச் சொல்லி வர்றவங்க ஓபியில தினமும் உண்டு. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எழுதுவோம். ரிப்போர்ட் நார்மல்னு வரும். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவோம். கூட வந்த வீட்டுக்காரர் "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த "ஒண்ணுமில்ல" மேல இருக்கிற கோபத்துலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நரம்புங்கறது ஒத்தை வயர் இல்ல, பல இழைகள் சேர்ந்த கட்டு. தடிமனான இழைகள் தசையை அசைக்கும், தொடுறது, அதிர்வு இதையெல்லாம் சொல்லும். நொடிக்கு 40, 50 மீட்டர் வேகம். மெல்லிய இழைகள் வலி, சூடு, குளிர்ச்சி, வியர்வை இதைப் பார்த்துக்கும். இதுல ரொம்ப மெல்லிசான சி இழையோட வேகம் நொடிக்கு சுமார் 1 மீட்டர்தான்.

நெர்வ் கண்டக்‌ஷன் மெஷின் கரண்ட் கொடுத்து அளக்கிறது தடிமனான இழைகளை மட்டும். மெல்லிய இழை மொத்தமா கருகிப் போயிருந்தாலும் அதுக்குத் தெரியாது. எக்ஸ்பிரஸ் ரயில் டயத்துக்கு வந்துச்சான்னு பார்த்துட்டு, ஊர்ல மாட்டு வண்டி எல்லாம் நல்லா ஓடுதுன்னு சர்டிபிகேட் கொடுக்கிற கதை. இலவச சர்க்கரை கேம்ப்ல கால்ல ஒரு கருவியை வெச்சு "அதிர்வு தெரியுதா"ன்னு கேப்பாங்களே, அதுவும் தடிமன் இழைக்கான டெஸ்ட்தான். மெஷினால பார்க்க முடியாத நோயை, நோயாளியோட மனசு மேல எழுதி வைக்கிறது என்ன நியாயம்?

இந்த மெல்லிய இழை பாதிப்பைக் கண்ணால பார்க்க வழி இருக்கு. அதுதான் தோல் பயாப்ஸி. பயாப்ஸின்னதும் கேன்சரான்னு பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, வெளிக் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவுக்குத் தோலை வட்டமா எடுப்பாங்க. தையல் தேவைப்படாது. அதுல நரம்பிழைகளை மட்டும் காட்டுற சாயம் ஏத்தி, மேல்தோல்ல ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை இழை இருக்குன்னு மைக்ராஸ்கோப்பில் எண்ணி, அதே வயசு, அதே பாலினத்துக்கான அளவோட ஒப்பிடுவாங்க.

எடுக்கிறது சுலபம், எண்ணுறதுதான் கஷ்டம். வழக்கமான ஃபார்மலின் பாட்டில்ல போட்டு அனுப்பினா சரிப்படாது. அதுக்குத் தனி திரவம், தனி சாயம், எண்ணிப் பழகின கண்ணு எல்லாம் வேணும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாத்துலயும் வேணும்னு நான் கேட்கல. மண்டலத்துக்கு ஒரு அரசு லேப் இதைச் செஞ்சா போதும். சாம்பிளை அனுப்பத் தெரியாதவங்களா நாம?

இதைப் படிச்சுட்டு நாளைக்கே எந்த லேப்புக்கும் ஓடாதீங்க. பத்து வருஷமா சுகர், ரெண்டு பாதமும் எரியுதுன்னா காரணம் பெரும்பாலும் கண்ணு முன்னாடியே இருக்கு. குண்டூசி குத்தல் தெரியுதா, சூடும் குளிர்ச்சியும் பிரிச்சுச் சொல்ல முடியுதான்னு டாக்டர் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும். அவங்களுக்கும் சேர்த்துப் பல ஆயிரத்துக்கு பேக்கேஜ் போட்டு விக்கிறது வியாபாரம். பயாப்ஸி இழை குறைஞ்சிருக்குன்னு சொல்லும், ஏன் குறைஞ்சதுன்னு சொல்லாது. நார்மல்னு வந்தாலும் நோயே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

அதனால காரணத்தைத் தேடணும். வெறும் வயித்துல மட்டுமில்லாம, குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சும் சுகர் பாருங்க. சுகரோட ஆரம்ப நிலையிலேயே சிலருக்குக் கால் எரிய ஆரம்பிக்கும். பி12, தைராய்டு, ஹெச்ஐவி, குடிப்பழக்கம் எல்லாத்தையும் பார்க்கணும். வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிட்டா பி12 குறையலாம்.

"நரம்பு சத்து மாத்திரை"ன்னு அட்டை அட்டையா நீங்களே வாங்கி முழுங்குறீங்களே, அதுல இருக்கிற பி6 அளவுக்கு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும். இதை மெடிக்கல் ஷாப்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

காரணம் ஒண்ணுமே சிக்கலையா? ஃபைப்ரோமயால்ஜியா, டென்ஷன்னு முத்திரை குத்தி ஒதுக்கப்பட்டவங்களா? பயாப்ஸி உண்மையிலேயே உதவுற இடம் இதுதான். ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள்ல ஒரு பகுதியினருக்குத் தோல்ல நரம்பிழை குறைஞ்சிருக்குன்னு 2013லயே ஆய்வுகள் வந்தாச்சு. இவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"ங்கற கேள்வியும் அவங்களுக்குத்தான் முதல்ல விழுது.

இன்னொண்ணு. வலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினா, வீட்டுல பையன் கூகுள் பண்ணிட்டு "அம்மா, இது டிப்ரஷன் மாத்திரை"ன்னு நிறுத்திடுறான். குறைஞ்ச டோஸ்ல அது நரம்பு வலிக்கான மருந்துன்னு ஒரு வரி சொல்ல நமக்கு அரை நிமிஷம் ஆகுமா? அதைச் சொல்லாம விட்டா, நாமளே "மனசுதான்"னு சொன்ன மாதிரி ஆயிடுது.

எரிச்சல் இல்லாம, தோல்ல வெளிறின இல்ல சிவந்த திட்டு, அங்க சூடோ குத்தலோ தெரியலைன்னா, பயாப்ஸி லேப் எங்கன்னு தேடாதீங்க. அது தொழுநோயா இருக்கலாம். அதுவும் மெல்லிய இழைகளைத்தான் முதல்ல தின்னும். பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்க, மருந்து இலவசம்.