யார் எழுதிய பட்டியல்?

போன ஐப்பசியில் என் மாமியார் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறவர்தான். கோயில் வாசலில் யாரோ கொடுத்த நோட்டீஸில், 'ஒரே மண்டலத்தில் சர்க்கரை அடியோடு போகும்' என்று பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் தபாலில் ஒரு சூரணம் வரவழைத்திருக்கிறார். மாத்திரையெல்லாம் தலையணை உறைக்குள்! ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

"இப்படி நோட்டீஸ் போடறவங்களைக் கேட்க ஒரு சட்டமும் கிடையாதா?" என்று வார்டு வாசலில் பொருமினேன். கூட இருந்த நாத்தனார் மகன் சட்டம் படிக்கிறவன். "1954-லிருந்தே இருக்கு அத்தை. ஆனா அதுக்கு ஒரு கதை இருக்கு" என்றான்.

அந்தக் கதைக்காகத்தான் சகோதரிகளே, இந்தத் தடவை வற்றல் வடாம் குறிப்பை ஒத்திப் போட்டேன்.

மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. நோட்டீஸ், லேபிள், மேலுறை எல்லாமே அதில் விளம்பரம்தான். கருக்கலைப்பு, மாதவிலக்குக் கோளாறு என்று சிலவற்றைப் பார்லிமெண்ட் தானே எழுதிவிட்டு, 'விதிகளில் குறிப்பிடப்படும் வேறு எந்த வியாதியும்' என்று ஒரு வரியைச் சேர்த்தது. அந்த விதிகளை எழுதுவது சர்க்கார்.

இதில் என்ன தப்பு என்றுதான் நானும் கேட்டேன். எல்லாவற்றையும் பார்லிமெண்டே உட்கார்ந்து எழுத முடியுமா? நான் ஊருக்குப் போகும்போது மகளிடம் சமையலறையை ஒப்படைக்கிறேன். "சாம்பார் வை, எது புதுசா இருக்கோ அந்தக் காயை வாங்கிக்கோ" என்றால் அது ஒப்படைப்பு. "என்னத்தையோ பண்ணிக்கோ" என்று சாவிக்கொத்தையே வீசிவிட்டுப் போனால்? அது பொறுப்பைக் கை கழுவுவது இல்லையா! முக்கியமான கொள்கையைச் சட்டசபையே தீர்மானிக்க வேண்டும், சில்லறை விவரத்தைத்தான் பிறரிடம் விடலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1951-லேயே சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா முதலியோர் போட்ட வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. விளம்பரம் செய்வது எங்கள் பேச்சுரிமை என்ற வாதத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை அடித்துவிட்டது. எந்த வியாதியைச் சேர்க்கலாம், எதை வைத்து முடிவு செய்வது என்று பார்லிமெண்ட் ஒரு அடையாளமும் சொல்லவில்லை. சர்க்கார் கையில் கரையில்லாத அதிகாரம் போய்விட்டது என்றார்கள் நீதிபதிகள். சந்தேகப்பட்டதையெல்லாம் பறிமுதல் செய்யும் அதிகாரமும் போயிற்று.

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல காரியத்துக்குத்தானே சட்டம்! "அத்தை, இன்னிக்கு நல்லதுக்கு எழுதற கை நாளைக்கும் நல்லதுக்கே எழுதும்னு யார் ஜாமீன்?" என்றான் பொடியன். வாயை மூடிக்கொண்டேன்.

1963-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. 54 வியாதிகளையும் நிலைகளையும் அட்டவணையாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சர்க்கரை, புற்றுநோய், கண்புரை, ரத்த அழுத்தம், உடல் பருமன், ஏன், உயரம்கூட இருக்கிறது. 'உயரமாக வளரலாம்' என்று பிள்ளைகளை ஏமாற்றும் விளம்பரங்கள் இதில் அடக்கம். 'பொதுவாகப் பெண்களின் நோய்கள்' என்று நமக்கு ஒரே வரி! புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் சர்க்கார் மருந்து நிபுணர் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும். தேவைப்பட்டால் ஆயுர்வேத, யுனானி அறிஞர்களையும் கேட்க வேண்டும்.

ஆக, என் மாமியார் கையில் இருந்த நோட்டீஸ் மீறியது ஏதோ ஆபீஸ் உத்தரவை அல்ல, பார்லிமெண்ட் பெயர் சொல்லி எழுதிய வரியை. இது தெரிந்தபிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. நோட்டீஸ், சூரணப் பொட்டலம், தபால் ரசீது மூன்றையும் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். ஒப்புகை அட்டை போன வாரம் வந்தது.

மாமியார் இப்போது மாத்திரையை என் முன்னால்தான் போட்டுக்கொள்கிறார். "புகார்ல என் பேரை எழுதலையே?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.