மாட்டுக்குத் தடை, மனுசனுக்கு செட்டு மாத்திரை

எங்க ஊர் பஸ் ஸ்டாப் மெடிக்கல்ல "மூட்டு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் போதும். பேர் தெரியாத மூணு மாத்திரை பொட்டலத்தில் வரும். என் சித்தப்பா எட்டு வருசம் அதை விழுங்கிட்டுத்தான் வயலுக்குப் போனார். அதில் ஒன்று டைக்ளோபெனாக் என்று பிறகுதான் தெரிந்தது.

போன வருசம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். சிட்டியில் இருக்கும் மகன் வந்தான். ஏசி ரூம் உண்டா, எப்போ டிஸ்சார்ஜ், எல்லாம் கேட்டான். வலி மாத்திரை பற்றி ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. கிரியேட்டினின் 1.4. "பார்டர்தான்" என்றார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. 46 கிலோ எலும்புக்கூட்டுக்கு 1.4 எப்படிங்க பார்டர்? 66 வயசுக்குக் கணக்குப் போட்டால் இ.ஜி.எப்.ஆர். 60-க்குக் கீழே. மூணு மாசம் அப்படியே நின்றால் அதற்குப் பேர் நாள்பட்ட சிறுநீரக நோய்.

ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணி கிடையாது. ஆபரேஷன் நடந்தது மறுநாள் மூணு மணிக்கு. சாதாரணமாக, வெறும் தண்ணீரை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது மயக்க மருத்துவர்களின் பொது விதி. காய்ந்து கிடந்த உடம்புக்கு வலிக்கு ஊசி போட்டார்கள், அதுவும் டைக்ளோபெனாக். அந்த வகை மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மூணாம் நாள் மூத்திரம் நின்றது.

இதே மருந்தை மாட்டுக்குப் போட 2006-லேயே இந்தியா தடை போட்டது. மாடு சாகவில்லை. செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கழுகும் மனுசனும் ஒன்றில்லை, ஒத்துக்கிறேன். ஆனாலும் கழுகுக்கு இருந்த அக்கறை சித்தப்பாவுக்கு இல்லையே!

"கிராமத்து ஆளுங்க தண்ணி குடிக்கிறதில்லை" என்று இதுக்குள்ளே கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் கரும்பு வெட்டிட்டு வந்து எழுதுங்க. அதுக்கு முன்னாடி, ஊரில் அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடும் கையால் அந்தப் பொட்டலத்தையும் எடுத்து டாக்டர் மேஜையில் வையுங்க. இ.ஜி.எப்.ஆர். எவ்வளவு, வலிக்கு என்ன ஊசி, பிரஷர் மாத்திரையை அன்றைக்கு நிறுத்தணுமா என்று வாய் திறந்து கேளுங்க.

சித்தப்பாவுக்கு இப்போ செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பஸ் ஏறப் போகும்போது அந்த மெடிக்கலைத் தாண்டித்தான் போகிறார். கூட்டம் குறையவில்லை.