ஏடும் முகிலும்

கோடைக்காலத்தில் கோரையாற்றைக் காண்போர் அதனை ஓர் ஆறென்றே எண்ணார். மழைக்காலத்தில் அது கொள்ளும் சீற்றத்தையோ எடமலைப்பட்டி புதூரில் வாழ்வோர் நன்கு அறிவர். 2005ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெய்த பெருமழையால் திருச்சிராப்பள்ளி நகரின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. என் இல்லத்துள்ளும் நீர் புகுந்தது. கட்டிலின்கீழ் இருந்த தகரப் பெட்டியில், யான் இளமை முதல் எழுதிவைத்த இலக்கணக் குறிப்புகளும் என் கல்விச் சான்றிதழ்களும் இருந்தன. நீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தேன். மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாய்க் கிடந்தன.

அக்குறிப்பேடுகளுள் ஒன்று மட்டும் பிழைத்தது. என் மாணவர் ஒருவர் அதனை முன்னரே படியெடுத்து மதுரைக்குக் கொண்டு சென்றிருந்தார். அப்படியை அவர் என் கையில் தந்தபோது ஓர் உண்மையை உணர்ந்தேன். ஓரிடத்தில் மட்டும் வைக்கப்பெற்ற பொருள், பாதி இழந்த பொருளே ஆகும்.

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. பனையோலை நெடுங்காலம் நில்லாது. கரையானும் ஈரமும் தீயும் அதற்குப் பகை. ஆதலின் அவர்கள் நூல்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதி, மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் வைத்துப் போற்றினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடினார். ஓர் ஏட்டில் சிதைந்த பகுதியை மற்றோர் ஏட்டின் துணைகொண்டு அறிந்தார். படிகள் பல இருந்தமையாலன்றோ அது கைகூடியது! 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறு படி இல்லாத சுவடிகளும் இருந்தன. அவற்றை இனி எவர் மீட்க வல்லார்?

படியெடுத்துப் பல இடங்களில் வைக்கும் அப்பழைய முறையே இந்நாளில் ‘மேகக் கணிமை’ என்னும் புதுப்பெயர் பூண்டு வந்துளது. மேகம் என்றவுடன், அது வானில் மிதப்பதென்று கருதவேண்டா. பெருங்கட்டடங்களில் நிறுவப்பெற்ற எண்ணிறந்த கணினிகளின் தொகுதியே அது. நாம் அனுப்பும் செய்தி இணையத்தின் வழியே சென்று அங்கே தங்கும். முறைப்படி அமைப்பின், தொலைவிலுள்ள வேறு நிலையங்களிலும் அதன் படிகள் இருக்கும். நம் ஊர்க் கணினி நீரில் மூழ்கினும் செய்தி அழியாது. பல்லாயிரவர் ஒரே வேளையில் நாடினும், தேவைக்கேற்பக் கணினியாற்றலைப் பெருக்கிக்கொள்ளவும் இயலும்.

பேரிடர் வந்துற்றபோது இதன் பயன் யாது? 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளம் பெருவெள்ளத்தில் தத்தளித்தது. அம்மாநில அரசும் தன்னார்வலர்களும் இணைந்து ‘கேரள ரெஸ்க்யூ’ என்னும் இணையத்தளத்தை நடத்தினர். வெள்ளத்தில் சிக்கியோரும், தொலைவில் வாழ்ந்த அவர்தம் உறவினரும் தாம் வேண்டிய உதவியையும் இருப்பிடத்தையும் அதில் பதிந்தனர். அச்செய்திகள் மீட்போர்க்கு வழிகாட்டின. ஆயினும் படகேறிச் சென்று மக்களைக் காத்தவர் மீனவர் முதலிய மாந்தரே. கருவி வழிகாட்டும், கை கொடுப்பவன் மனிதனே.

இடர் நீங்கியபின்னும் துன்பம் தொடரும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் பலர் தம் சான்றிதழ்களை இழந்தனர். அவற்றை மீண்டும் வழங்க அரசு தனி முகாம்களை நடத்தியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேதான் நடுவண் அரசின் ‘டிஜிலாக்கர்’ தொடங்கப்பெற்றிருந்தது. அன்று அதனைப் பயன்படுத்தத் தொடங்கியோர் சிலரே. இந்நாளில் மதிப்பெண் சான்றிதழ் முதலியவற்றை மாணவரும் அதன்வழியே பெறலாம். இவ்வாறு பெற்றிருப்பின், பெட்டி நனையினும் படிப்பு நனையாது.

அற்றேல், மேகத்தை முற்றும் நம்பலாமோ? நம்புதல் கூடாது. அச்சென்னை வெள்ளத்திலேயே பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. வழி அடைபட்டால், களஞ்சியம் நிறைந்திருந்தும் பயனில்லை. மேலும், 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு நிலையம் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்த மேகத் தொகுதியும் அத்தீயில் அழிந்தது. வேறிடத்தில் அதற்குப் படி இல்லை. மேகம் என்று பெயரிட்டமையால் மட்டும் அது காவலாகிவிடவில்லை. என் தகரப் பெட்டிக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது.

ஆகவே, மாணவர்களே, பொருளைப் பல இடங்களில் வைத்தலே காவல். கருவியின் புதுமை காவலன்று. நும் சான்றிதழ்களின் ஒரு படியை இணையத்திலும், மற்றொன்றை வேறூரிலுள்ள உறவினரிடத்தும் வையுங்கள். மூலத்தை நீர் புகா உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள். திறவுசொல்லையும் இன்றியமையாத தொலைபேசி எண்களையும் மனத்தில் இருத்துங்கள். பள்ளிகளும் தம் பதிவேடுகளை இங்ஙனமே காத்தல் வேண்டும். இவற்றைச் செய்தற்குரிய காலம், கோரையாறு வறண்டு கிடக்கும் காலமே. வெள்ளம் வாயிலுக்கு வந்தபின் படியெடுக்க எவர்க்கும் நேரம் கிட்டாது.